முற்கதையும் பழியும்: ‘ரோக் ஒன்’ படமும் மதுரைக் கட்டுரை காதையும்

‘ரோக் ஒன்’ 2016 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க அறிவியல் புனைவுப் படம். ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிச் சாகச வரிசையைச் சேர்ந்தது. இயக்கியவர் கேரத் எட்வர்ட்ஸ். இவ்வரிசையின் முதல் படத்தை ஜார்ஜ் லூகாஸ் 1977 மே மாதம் வெளியிட்டார். அந்தப் படம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ‘ரோக் ஒன்’ முடிகிறது. வெளியான ஆண்டைப் பார்த்தால் முப்பத்தொன்பது ஆண்டு பின்னது. கதை நடக்கும் காலத்தைப் பார்த்தால் முன்னது. இத்தகைய படைப்பை முற்கதை என்று வழங்கலாம். முற்கதை என்பது விடுபட்ட இடத்தை நிரப்பும் வேலை என்பதே பரவலான எண்ணம். அது அதற்கும் மேலான வேலை. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றுக்கு யார் பொறுப்பு, பழி யாருக்கு, புகழ் யாருக்கு என்று மறுபடி பங்கிடுவதே முற்கதையின் தொழில். மதுரையை எரித்த கதைக்குத் தமிழில் சொல்லப்பட்ட முற்கதைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது இது தெளிவாகிறது.

ஒரு வாக்கியம் படமானது

1977 படம், திரையில் மேல்நோக்கி நகர்ந்து மறையும் மஞ்சள் எழுத்துகளோடு தொடங்குகிறது. பேரரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் போர் நடக்கிறது, கிளர்ச்சியாளர்களின் ஒற்றர்கள் ‘டெத் ஸ்டார்’ என்னும் கோள் அழிக்கும் பேராயுதத்தின் வரைபடங்களைத் திருடிவிட்டார்கள் என்ற செய்தி அதில் வருகிறது. தமிழ் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய உத்தி. ஒவ்வொரு வாரமும் அத்தியாயத்தின் தலையில் சிறிய எழுத்தில் அச்சாகும் முன்கதைச் சுருக்கம் செய்த வேலையைத்தான் இந்த மஞ்சள் எழுத்துகளும் செய்கின்றன. லூகாஸ் இதை 1930களில் வந்த ‘ஃபிளாஷ் கார்டன்’ தொடர்படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பத்திரிகையின் முன்கதைச் சுருக்கத்துக்குப் பின்னால் உண்மையிலேயே எழுதி அச்சான அத்தியாயங்கள் இருக்கும். 1977 படத்தின் சுருக்கத்துக்குப் பின்னால் எந்தப் படமும் இல்லை. இல்லாத கதைக்குச் சுருக்கம் எழுதி, அது இருந்ததுபோல ஒரு நம்பிக்கையை லூகாஸ் உண்டாக்கினார். அந்தப் படத்துக்கு நான்காம் பாகம் என்ற எண்கூட 1981இல் மறுவெளியீடு செய்தபோதுதான் சேர்ந்தது.

ஒற்றர்கள் திருடினார்கள் என்ற அந்த ஒரே வாக்கியத்திலிருந்து ‘ரோக் ஒன்’ முழுப் படமாக விரிந்தது. கேலன் எர்ஸோ என்ற விஞ்ஞானியைப் பேரரசின் அதிகாரி கிரென்னிக் வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்று ஆயுதம் கட்ட வைக்கிறான். மனைவி கொல்லப்படுகிறாள், மகள் ஜின் தனியாக வளர்கிறாள். தன்னால் ஆயுதத்தைத் தடுக்க முடியாது என்றுணர்ந்த கேலன், அதன் நடுவில் வேண்டுமென்றே ஒரு பலவீனத்தை ஒளித்துவைக்கிறான். சரக்குக் கப்பல் ஓட்டும் போதி ரூக் என்பவன் அந்தச் செய்தியை எதிர்த்தரப்புக்குக் கொண்டுவருகிறான். கிளர்ச்சியாளர் அவை நம்ப மறுக்கிறது. ஜின்னும், கேஸியன் ஆண்டோர் என்ற ஒற்றனும், இன்னும் சிலரும் உத்தரவு இல்லாமலே புறப்பட்டு வரைபடத்தைக் கைப்பற்றி அனுப்புகிறார்கள். புறப்பட்டவர் அனைவரும் இறந்துபோகிறார்கள். அவர்களின் கையிலிருந்து போன தகவல், கடைசிக் காட்சியில் கிளர்ச்சியாளர் தரப்பு இளவரசி லேயாவின் கப்பலுக்கு வந்து சேர்கிறது. அந்தக் கப்பலில்தான் 1977 படம் தொடங்கும்.

முதல் படத்தில் அந்தப் பேராயுதம் வீழ்ந்த விதம் எளிமையானது. இரண்டு மீட்டர் அகலமே உள்ள ஒரு புகைபோக்கித் துளை. அதற்குள் அந்தப் படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் செலுத்திய கணை நடுப்பகுதி வரை போய் வெடித்தது. இவ்வளவு பெரிய கோட்டைக்கு இவ்வளவு சிறிய ஓட்டையா என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். கட்டியவர்களின் கவனக்குறைவு என்பதற்கு மேல் அதற்கு விடை இல்லாதிருந்தது. ‘ரோக் ஒன்’ வந்தபின் அந்த ஓட்டை ஒரு தந்தையின் செயலாகிவிட்டது. 1977 படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை, ஒரு சட்டகம்கூட வெட்டப்படவில்லை. ஆனாலும் லூக்கின் வெற்றியில் இப்போது இறந்துபோன பலருக்குப் பங்கு வந்துவிட்டது. ‘ரோக் ஒன்’ படத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1977இல் படமாக்கிப் பயன்படுத்தாமல் விட்ட விமானி நடிகர்களின் காட்சித் துண்டுகளை எட்வர்ட்ஸ் தன் படத்தின் போர்க் காட்சியில் சேர்த்தார். அந்தப் போரில் ‘ரெட் ஐந்து’ என்ற அழைப்பெண் கொண்ட விமானி சாகிறான். 1977 படத்தில் லூக் ஏறும் விமானத்தின் எண் அதுவே. காலியாக இருந்த இடத்தில் லூக் அமர்ந்தான் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. ஒருவன் இறந்ததால் காலியான இடம் அது என்று இப்போது தெரிகிறது.

பின்னால் நின்று சொன்ன முன்கதை

தமிழில் விண்வெளிப் படங்களே அரிது. எம்.ஜி.ஆர். நடித்து ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963இல் வேற்றுலகத்தாரைத் திரைக்குக் கொண்டுவந்தது. சக்தி சௌந்தர் ராஜனின் ‘டிக் டிக் டிக்’ 2018இல் வந்தது. முற்கதை என்ற வடிவத்தில் ‘பில்லா 2’ 2012இல் வந்தது. இவற்றில் எதுவும் ஒரு கதைத்தொடரின் பொறுப்பைப் புதிதாகப் பங்கிட்டதில்லை. அந்த வேலையைத் தமிழில் முழுமையாகச் செய்த பகுதி திரையில் இல்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்துக் கடைசியில், கட்டுரை காதையில் இருக்கிறது.

முப்பது காதைகளில் இது இருபத்து மூன்றாவது. கோவலன் வெட்டுண்டு, பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டு, கண்ணகி இட்ட தீ நகரை உண்டுகொண்டிருக்கும் நேரம். பாண்டியரின் குலதெய்வமான மதுராபதி வருகிறாள். அவள் கண்ணகியின் முன்னே நிற்கத் துணியவில்லை. பின்புறமாக வந்து நிற்கிறாள். முன்கதையைப் பின்னால் நின்று சொல்கிறாள் என்ற இந்த நிலை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. நடந்ததை மாற்ற முடியாத, நடந்ததற்குப் பிறகே வாய் திறக்க முடிகிற குரல் அது. முற்கதை சொல்லும் எவருக்கும் அந்த இடந்தான் வாய்க்கும்.

மதுராபதி முதலில் பாண்டியர்களின் நீதியைச் சொல்கிறாள். கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியனின் கதை வருகிறது. தங்கால் என்ற ஊரில் வார்த்திகன் என்பவரைக் காவலர்கள் தவறாகச் சிறைப்பிடிக்க, அவர் மனைவி கார்த்திகை அழ, கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்க, பாண்டியன் தவறு உணர்ந்து அவரை விடுவித்து நிலமும் கொடுத்த கதை வருகிறது. அந்தத் தங்கால்தான் இன்று சிவகாசியை ஒட்டியிருக்கும் திருத்தங்கல். பாண்டிய நாட்டுச் சமவெளியின் ஊர்ப்பெயர் ஒன்று காப்பியத்துக்குள் வாதத்துக்கான சான்றாக நிற்பதைக் கவனிக்க வேண்டும்: இதே அரசமரபில் இதே மாதிரித் தவறு முன்பும் நடந்தது, அப்போது அரசன் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது என்று தெய்வம் சொல்கிறது. ஆடித் திங்கள் தேய்பிறை அட்டமியில் வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்ற பழைய வாக்கு ஒன்று உண்டு என்றும் அவள் சொல்கிறாள். பிறகுதான் மையத்துக்கு வருகிறாள்.

கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை வசுவும் கபிலபுரத்தைக் குமரனும் ஆண்டு ஒருவரோடொருவர் பகைத்திருந்தார்கள். சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து பண்டம் விற்றான். அங்கே அரச வேலையிலிருந்த பரதன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்துக்கொடுத்தான். அரசன் சங்கமனைக் கொன்றான். நீலி பதினான்கு நாள் தெருவெங்கும் அரற்றித் திரிந்தாள். எங்களுக்கு இதைச் செய்தவரும் இதையே அடைவார்களாக என்று சொல்லி மலையிலிருந்து குதித்தாள். அந்தப் பரதனே கோவலன் என்கிறாள் மதுராபதி. இன்னும் பதினான்கு நாள் கழித்துக் கண்ணகி தன் கணவனைத் தேவ வடிவில் காண்பாள் என்றும் சொல்கிறாள்.

இரண்டு முற்கதைகளும் ஒற்றன் என்ற சொல்லைச் சுற்றியே எழுந்திருப்பது வியப்பானது. ஒன்றில் ஒற்றர்கள் உண்மையான ஒற்றர்கள். அவர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லாதிருந்தது. மற்றொன்றில் ஒற்றன் என்று சொல்லப்பட்டவன் வெறும் வணிகன். ஒன்று புகழ் பெறாதவருக்குப் புகழைக் கொடுக்கிறது. மற்றொன்று குற்றமற்றவராகத் தெரிந்தவர்மேல் பழைய குற்றத்தை வைக்கிறது. பொய்ச்சான்றால் கொலையுண்ட கோவலன், முன்னொரு காலத்தில் பொய்ச்சான்று சொல்லி ஒருவனைக் கொல்வித்தவன். அதுவரை அவனுக்காக அழுத வாசகர் இப்போது நீலிக்காகவும் அழ வேண்டியிருக்கிறது. ஊழ் என்பது கண்ணுக்குத் தெரியாத எந்திரம் என்ற அளவில் காப்பியம் நின்றிருந்தால் வாசகரிடம் ஒன்றும் அசைந்திருக்காது. பண்டம் விற்க வந்த இடத்தில் கணவனை இழந்து பதினான்கு நாள் தெருவில் நின்ற ஒரு பெண்ணின் முகம் ஊழுக்கு வாய்த்ததால்தான் அது தாங்கமுடியாததாகிறது.

காப்பியத்தின் முன்னுரையான பதிகம் சொல்லும் செய்தியும் இங்கே முக்கியம். மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் கிடந்தபோது, மதுராபதி கண்ணகிக்கு இந்த முற்பிறப்புக் கதையைச் சொன்னதைத் தான் கேட்டதாகப் புலவர் சாத்தனார் காப்பியத்தை இயற்றிய இளங்கோவிடம் கூறுகிறார். அதாவது காப்பியம் தன் பிறப்பைச் சொல்லும் முறையில், முழுக் கதையும் எழுதப்படுவதற்கு முன்பே இந்த முற்கதை ஒருவர் காதில் விழுந்துவிட்டது. ஊழ்வினை வந்து பற்றும் என்பது காப்பியத்தின் மூன்று நோக்கங்களில் ஒன்றாகப் பதிகத்தில் நிற்பதற்கு இந்த இருட்டில் கேட்ட கதையே அடி.

ஒரே தீ, நான்கு காரணங்கள்

கட்டுரை காதை மட்டும் இருந்திருந்தால், முற்கதை காரணம் சொல்லும் உத்தி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மதுரை எரிந்ததற்குத் தமிழ் மரபில் சொல்லப்பட்ட முற்கதைகள் நான்கு. ஒவ்வொன்றும் பழியை வேறொருவர்மேல் வைக்கிறது.

முதலாவது, சிலப்பதிகாரத்திலேயே முன்னால் வருவது. கனாத்திறம் உரைத்த காதையில், தன் கணவனுக்கு வேற்றூரில் பொய்ப்பழி வரக் கண்ட கனவைக் கண்ணகி தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தியின் விளக்கம் உடனே வருகிறது: முற்பிறப்பில் கணவனுக்காக நோற்க வேண்டிய நோன்பை நீ தவறவிட்டாய். இங்கே குற்றம் மனைவியுடையது. பரிகாரமாகச் சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளை வணங்கச் சொல்கிறாள். அது தனக்குப் பெருமையாகாது என்று கண்ணகி மறுக்கிறாள். இரண்டாவது மதுராபதி சொல்வது. இதில் குற்றம் கோவலனுக்குப் போகிறது, கண்ணகியிடமிருந்து முழுவதும் விலகுகிறது. தேவந்தி வைத்த பழியை மதுராபதி எடுத்துவிட்டாள் என்பதைக் காப்பியம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இரண்டு காதைகளையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்குத் தெரியும்.

மூன்றாவது மணிமேகலையில் வருகிறது. வஞ்சியில் பத்தினிக்கோட்டத்தில் கண்ணகியின் படிவம் மணிமேகலையிடம் பேசுகிறது. நீலியின் கதையையும் மதுராபதியின் உரையையும் அது நினைவுகூர்கிறது. ஆனால் பழியை அங்கேயே நிறுத்துவதில்லை. சினத்தால் நகரை அழித்த பாவம் தன்னையும் பின்னால் தொடரும் என்று கண்ணகியே சொல்கிறாள். முற்கதை இங்கே முன்னோக்கித் திரும்பி, வரப்போகும் பிறவிகளின் கதையாகிறது. மதுரையில் இறந்துபோன, பெயர் சொல்லப்படாத மக்களை முதலில் கணக்கில் எடுத்தது இந்தப் பௌத்தக் காப்பியம்தான். அந்தப் பெருமை அதற்கு உரியது.

நான்காவது நாட்டார் மரபில் வழங்கும் கோவலன் கதை. புகழேந்திப் புலவர் பெயரால் அச்சாகி ஊர்ப்புறங்களில் பாடப்பட்டது. வடிவத்துக்கு வடிவம் விவரம் மாறினாலும் மையம் ஒன்றே. பாண்டியன் காளி கோயிலை அடைத்து வைக்கிறான். எண்ணெய் வாணியன் ஒருவன் அங்கே விளக்கேற்றுகிறான். பாண்டியன் அவன் தலையை வெட்டுகிறான். காளி பழிவாங்கப் பாண்டியனுக்கே மகளாகப் பிறக்கிறாள். இவளால் மதுரை அழியும் என்று சோதிடர் சொல்ல, குழந்தையைப் பேழையில் வைத்து நீரில் விடுகிறார்கள். அந்தக் குழந்தை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரிடம் போய்ச் சேர்ந்து கண்ணகியாக வளர்கிறது. இதில் ஊழ் பற்றிய தத்துவம் இல்லை. அரசன் ஓர் ஏழையைக் கொன்றான். அதற்கு அவன் நகரம் எரிந்தது. மதுராபதி பாண்டியரின் குலதெய்வம். அவள் சொன்ன முற்கதையில் பாண்டியன் பழியிலிருந்து பெரும்பாலும் தப்பினான். ஊர்ப்புறத்தார் சொன்ன முற்கதையில் அவன் தப்பவில்லை. யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே முற்கதையின் நீதி அமையும்.

இதற்கு இணையான நிலை ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையிலும் உண்டு. ‘ரோக் ஒன்’ வருவதற்கு முன்பே, வரைபடம் எப்படிக் கிடைத்தது என்பதற்குப் பல விடைகள் இருந்தன. 1981இல் அமெரிக்க வானொலி நாடகம் ஒரு விடையைச் சொன்னது. 1995இல் வெளியான ‘டார்க் ஃபோர்ஸஸ்’ என்ற கணினி விளையாட்டில் கைல் கட்டார்ன் என்பவன் வரைபடத்தைத் திருடினான். விளையாடிய இளைஞர்களுக்குப் பல ஆண்டுகள் அதுவே உண்மை. 2012இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. 2014இல் அந்தப் பழைய நூல்களும் விளையாட்டுகளும் அதிகாரபூர்வக் கதையில் சேராத ‘லெஜண்ட்ஸ்’ என்று அறிவிக்கப்பட்டன. இடம் காலியான பின்பே ‘ரோக் ஒன்’ வந்தது. மதுரையின் கதைக்கு அப்படி அறிவிக்கும் அதிகாரம் யாருக்கும் இருந்ததில்லை. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்த பிறகும் வாணியன் கதை நின்றுபோகவில்லை. நான்கும் அருகருகே வாழ்கின்றன. தமிழ் மரபின் வளம் இந்த இடத்தில் அமெரிக்கத் திரை வரிசையை விடப் பெரியது.

காரணம் மனிதச் செயலா, பொருளா

எல்லா முற்கதையும் வெற்றி பெறுவதில்லை. லூகாஸே இயக்கிய மூன்று முற்கதைப் படங்கள் 1999, 2002, 2005 ஆண்டுகளில் வந்தன. டார்த் வேடர் என்ற கொடியவன், அனகின் ஸ்கைவாக்கர் என்ற சிறுவனாக இருந்து எப்படி வீழ்ந்தான் என்பதே அவற்றின் பொருள். 1999 படத்தில், பிரபஞ்சத்தை இயக்கும் ஆற்றலாக முதல் படங்களில் மறைபொருளாக இருந்த ‘ஃபோர்ஸ்’, இரத்தத்தில் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையாக விளக்கப்பட்டது. சிறுவனின் இரத்தத்தைச் சோதித்து எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டுகிறது என்கிறார்கள். ரசிகர்களிடம் மிகுந்த ஏமாற்றத்தை உண்டாக்கிய காட்சி அது. அந்த ஏமாற்றம் நியாயமானது. அளவிடக்கூடிய பொருள் காரணமாகும்போது பொறுப்பு என்பதற்கு இடமில்லாமல் போகிறது. கேலன் எர்ஸோ வைத்த ஓட்டையும் ஒரு விளக்கம்தான். ஆனால் அது ஒரு மனிதன் அஞ்சி, பொய் சொல்லி, பல ஆண்டு காத்திருந்து செய்த செயல். நீலியின் சாபமும் அப்படியே. முற்கதை எதைக் காரணமாகக் காட்டுகிறதோ அது செயலாக இருக்க வேண்டும், பொருளாக இருக்கக் கூடாது.

2005 படம் இந்த மூன்றில் மேலானது. அனகினுக்கு மனைவி சாவதாகக் கனவு வருகிறது. அதைத் தடுக்க வேண்டும் என்ற வெறியில் அவன் கொடியவர்களோடு சேர்கிறான். அந்தச் சேர்க்கையே மனைவியின் சாவில் முடிகிறது. கண்ணகிக்கும் துணைவரைப் பற்றிய தீக்கனவு வந்தது. அவளுக்கும் தடுப்பதற்கு ஒரு வழி காட்டப்பட்டது. அவள் ஏற்கவில்லை. ஒருவர் கனவை முறிக்க முயன்று அதை நிறைவேற்றினார். மற்றவர் முயலவில்லை, ஆனாலும் அது நிறைவேறியது. கண்ணகியின் மறுப்பை ஊழுக்குப் பணிந்த செயலாக வாசிப்பது பொருந்தாது. தன் வாழ்வைப் பரிகாரத்தால் விலைபேசிக்கொள்ள மறுத்த அந்தப் பெண்தான் பின்னால் அரசவையில் நீதி கேட்டவள்.

முடிவு தெரிந்த அவை

முற்கதைக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய குறை, முடிவு தெரிந்திருப்பதால் ஆர்வம் இருக்காது என்பது. ‘ரோக் ஒன்’ பார்க்க வந்தவர்களுக்கு வரைபடம் கிடைக்கும் என்று தெரியும். மதுரைக்கு இந்தக் குறை ஒரு காலத்திலும் புரிந்திருக்காது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவர் எழுதிய நாடகங்களில் கோவலன் நாடகமும் ஒன்று. அந்த மரபில் வந்த ஸ்பெஷல் நாடகங்கள் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடந்தன. கோவலன் வெட்டுப்படுவான் என்று அறியாத ஒருவரும் அவையில் இருந்திருக்க மாட்டார். அவர்கள் விடிய விடிய விழித்திருந்தது எப்படி நடக்கிறது, யார் எந்தச் சொல்லால் வாதாடுகிறார் என்று பார்ப்பதற்கே. நடிகர்களின் தர்க்கத்தைக் கேட்டு இன்று யார் பக்கம் நியாயம் நின்றது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் அவர்கள். முற்கதை கேட்க ஏற்ற அவை அது: என்ன நடக்கும் என்ற பதற்றம் இல்லாததால், பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு மனம் முழுவதும் கிடைக்கிறது.

மதுரை நிலத்திலும் இந்தக் கதை ஊர்ப்பெயராக நிற்கிறது. பழங்காநத்தம் பக்கம் உள்ள கோவலன் பொட்டலைக் கோவலன் கொலையுண்ட இடம் என்பார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. அழகர்கோவில் சாலையிலுள்ள கடச்சனேந்தலின் பெயரைச் சிலம்போடு இணைத்துச் சொல்வது ஊர் வழக்கு. சிம்மக்கல் பகுதிச் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சிலை இருக்கிறது. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது. கதையின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை மக்கள் தங்கள் தெருக்களால் நிரப்பியிருக்கிறார்கள் என்பதற்கே இவை சான்று.

தீ அணைந்தது, துயர் அணையவில்லை

முற்கதைக்கு உள்ள ஆபத்து வேறொன்று. காரணம் தெரிந்ததும் துன்பம் சரியாகிவிட்டதாக ஓர் ஆறுதல் வருகிறது. கோவலன் முன்பே குற்றம் செய்தவன் என்றால் இந்தக் கொலை கணக்குத் தீர்ந்ததாகிவிடுமா? பாண்டியனின் குற்றம் இல்லாமல் போகுமா? கட்டுரை காதையைப் படித்த பலர் இந்த ஐயத்தோடு நின்றிருக்கிறார்கள். கவிஞர் அரசனைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்ற குறையும் உண்டு.

காப்பியத்தின் அடுத்த நிகழ்வு அந்தக் குறைக்கு விடை. மதுராபதி சொல்லி முடித்ததும் நகரத்தின் தீ விடுபட்டு அணைகிறது. முற்கதை அந்த அளவுக்குப் பயன்பட்டது, ஊர் பிழைத்தது. ஆனால் கண்ணகி ஆறுதல் அடைந்ததாக ஒரு சொல்லும் இல்லை. கணவனைக் காணும் வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிறாள். கொற்றவை வாயிலில் வளையலை உடைத்துப் போடுகிறாள். கிழக்கு வாயிலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாயிலில் தனியே போகிறேன் என்று சொல்லிப் போகிறாள். இரவா பகலா என்று அறியாமல் வையைக் கரை வழியே நடக்கிறாள். காரணத்தை முழுதும் கேட்டறிந்த பிறகும் அவளுக்கு வலி குறையவில்லை. அரசன் குற்றமற்றவன் என்ற வாதத்தைக் கேட்டாள். ஏற்றாள் என்று காப்பியம் எழுதவில்லை. இளங்கோவின் முற்கதையை உயர்ந்ததாக்குவது இந்த மௌனம்.

‘ரோக் ஒன்’ படமும் இந்த இடத்தில் நேர்மையாக நிற்கிறது. அந்தப் படத்தின் மாந்தர்கள் தாங்கள் அனுப்பிய வரைபடத்தால் வெற்றி வந்ததா என்று அறியாமலே இறக்கிறார்கள். ஜின்னும் கேஸியனும் கடற்கரையில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வெடிப்பின் ஒளியில் மறைகிறார்கள். பார்ப்பவருக்கு 1977 படத்தின் முடிவு தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எதிர்கால வெற்றியைக் காட்டி அந்தச் சாவுகளை ஆற்றும் காட்சி அதில் இல்லை. கேஸியன் தொடக்கத்திலேயே, தப்ப முடியாத தன் தகவலாளி பிடிபட்டுவிடக் கூடாது என்று அவனைச் சுட்டுக் கொல்கிறான். பின்னால் செய்த தியாகம் அந்தக் கொலையைக் கழுவிவிட்டதாகவும் படம் சொல்லவில்லை. அவனுடைய முந்தைய வாழ்வை ‘ஆண்டோர்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2022இலும் 2025இலும் விரித்தது. முற்கதைக்கும் முற்கதை அது. பிடிபட்டவர், சிறையில் செத்தவர், பெயர் தெரியாமல் போனவர் என்று ஒவ்வொருவராக அது கணக்கில் எடுத்துக்கொண்டே போகிறது.

மதுரையின் கதைக்கு இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கோவலன் நாடகத்தை ஆடிய மூத்த நடிகர்களின் நினைவிலும், உடுக்கையும் வில்லும் கொண்டு பாடியவர்களின் நினைவிலும், அச்சேறாத தொடக்கப் பகுதிகள் இருக்க வாய்ப்பு மிகுதி: வாணியன் யார், கோயிலை அரசன் ஏன் அடைத்தான், பேழை எந்த ஆற்றில் போனது என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் வேறு விடை வரலாம். தமிழ்த் துறைகளும் நாட்டாரியல் ஆய்வாளர்களும் முழு நாடகத்தைப் பதிவு செய்யும்போது இந்த முதல் ஒரு மணி நேரத்தை வெட்டாமல், சொன்னவரின் பெயரோடும் ஊரோடும் எழுதி வைக்க வேண்டும்.